திமிங்கிலத்தை முதலில் கண்டவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இலங்கையின் கிழக்குக் கரையில், என் ஊரான சாய்ந்தமருதில் ஐஸ் பெக்டரி கட்டினேன். அட்டாளைச்சேனையில் நெல் ஆலை கட்டினேன். சுனாமி கொண்டுபோன வீட்டை இன்னும் ஒரு தட்டு உயர்த்திக் கட்டினேன். நாலு பிள்ளைகளையும் படிப்பித்தேன். முடியாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். என்னிடம் கேட்டிருந்தால் முடியும் என்று சொல்லியிருப்பேன், ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை, அவற்றுக்கெல்லாம் என் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாதது ஒன்றே ஒன்று, பேர்த் நகரத்தில் நான் கண்ட திமிங்கிலம்.

கடைசி மகள் அங்கே டாக்டர். அவள் கூப்பிட்டுத்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போனேன். நமக்குக் கடலிலிருந்து எழும்பும் சூரியன் அங்கே கடலுக்குள் இறங்கியது. முதல் நாளிலிருந்தே விழித்திருக்கிறேனா, உறங்குகிறேனா என்று தெரியாத ஒரு மயக்கம். ஆற்றில் கறுப்பு அன்னங்கள் சத்தமில்லாமல் போயின. மையித்துகளை அடக்கும் ஒரு மையவாடியில், கபுறுக் குழிகளுக்கு நடுவே கங்காருக்கள் நிழலில் படுத்திருந்தன. எங்களைக் கண்டதும் எழும்பி, ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களைப் போல் கைகட்டி நின்றன. நானும் அறியாமல் சலாம் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மகளும் மருமகனும் நானும் கடற்கரை மணல்மேட்டில் இருந்தோம். வாலிபத்தில் எனக்கு இதுதான் தொழில். மேட்டில் நின்று தண்ணீரின் நிறம் பார்த்து, மீன்கூட்டம் போகும் பக்கத்தைக் கரைவலைத் தோணிக்குத் துணியை வீசிக் காட்ட வேண்டும். தலைக்கு மேல் சுற்றினால், வலையைப் போடு என்று அர்த்தம்.

அன்றைக்குத் தூரத்தில் ஓரிடம் எண்ணெய் தடவியதுபோல் அலையில்லாமல் கிடந்தது. மீன் என்றால் பறவை விழும். ஒன்றும் விழவில்லை. இது பெரியது, மூச்சு விடுகிற சாமான் என்று விளங்கியது. கை தானாகத் தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றத் தொடங்கிவிட்டது.

சிவப்பும் மஞ்சளும் உடுத்த காவல்காரப் பெண் ஒருத்தி, மிதவைப் பலகையோடு ஓடி வந்தாள்.

"வாப்பா, துண்ட இறக்குங்க! ஆரோ தண்ணியில தாண்டு போறாங்கெண்டு நினைச்சி ஓடி வாறா!" மகள் கத்தினாள்.

"என்னைப் பார்க்காதே, தண்ணியப் பாரு புள்ள!"

"மாமா, இஞ்ச கரைவலை போட்டா பொலிஸ் புடிச்சி மறியல்தான்," என்று மருமகன் சிரித்தார்.

அவர் வாய் மூடுவதற்குள் அந்த எண்ணெய்த் தண்ணீர் பிளந்தது. கருத்த முதுகு ஒன்று மெதுவாக, மிக மெதுவாக எழுந்து வந்தது. அதன் பக்கத்தில் சின்ன முதுகு ஒன்று. தாயும் குட்டியும். விட்ட மூச்சு வெயிலில் வெள்ளைப் புகையாய் நின்று கலைந்தது. ஓடி வந்த பெண் பலகையை மணலில் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. என் உடம்பில் பாரமே இல்லை, நானும் தண்ணீரில் கிடப்பதுபோல் இருந்தது.

அந்தப் பெண் ஏதோ கேட்டாள்.

"வாப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சதெண்டு கேக்கிறா."

"கண்ணாலயெண்டு சொல்லு."

அந்த நேரம் மருமகன் கெமராவில் எடுத்த படம் இப்போது அந்த ஊர் நூலகச் சுவரில் தொங்குகிறது. கீழே அவருடைய பெயர் மட்டும். போனில் கேட்டேன்.

"மாமா, படத்தை எடுத்த நான்தானே?"

"ஓம், எடுத்த நீங்கதான். கெமராவ எந்தப் பக்கம் திருப்பணுமெண்டு காட்டின ஆரு?"

"நீங்கதான் மாமா," என்று சிரித்தார். சிரிப்பைச் சுவரில் மாட்ட முடியாது. ஆகையால் எல்லாரும் வாசிக்க இதை எழுதுகிறேன். மருமகன் நூலகத்தாரிடம் போய்ப் படத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்ப்பிக்க வேண்டும்: 'முதலில் கண்டு காட்டியவர், படம் எடுத்தவரின் மாமனார், சாய்ந்தமருது.' என் பெயரும் வேண்டும். எழுத்து அவருடைய பெயரின் அளவுக்கே இருக்க வேண்டும், ஒரு நூலளவும் குறையக்கூடாது.