இறுக்கிப் பின்னிய சடை

இன்று காலை மகளுக்கு ரெட்டைச் சடை பின்னும்போது, தேங்காயெண்ணெய் வாசனையில் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. இப்போது இடித்துவிட்ட அந்த வீட்டின் பின்வாசல் படியில், மின்சார ரயில் சத்தத்துக்கு நடுவே 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே அம்மா எனக்குப் பின்னுவாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், புருவம் மேலே இழுபடும்படி இறுக்கினாள். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி, மாதா பாத்துப்பாங்க" என்றாள். நம்பினேன். அப்பா உயிரோடு வீடு திரும்பவில்லை.

இன்று என் கணவரின் ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது.

"அப்பாவுக்கு என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லடி. மாதா இருக்காங்க."

"அப்புறம் ஏம்மா இவ்ளோ இறுக்குற? வலிக்குது."

'மாதாவே' என்று முணுமுணுத்தபடி சடையை அவிழ்த்தேன். உள்ளதைச் சொல்ல, அவளை என் முகம் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தேன்.