எட்டு நாள் என்னிடம் இருந்த கடிதம்

எங்கள் தெருவுக்கென்று ஒரே ஒரு மெயில் ஐடிதான் இருந்தது. அது என்னுடையது. தங்கச்சிமடத்தில் போன் என்பது கடலுக்குள் விழுகிற பொருள். வலை இழுக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு தடவை விழும், படகு மாறி ஏறும்போது இன்னொரு தடவை. புது போன், புது சிம் என்று வாங்கிக்கொள்வார்கள். பழைய பாஸ்வேர்டு மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் பாஸ்போர்ட்டோ, கல்லூரி விண்ணப்பமோ, ரேஷன் கார்டு திருத்தமோ, படிவத்தில் மெயில் என்று ஒரு கட்டம் வந்தால் என் ஐடியை எழுதிவிடுவார்கள். என்னைக் கேட்டு எழுதியவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் எழுதி முடித்துவிட்டு வந்து, ஏதும் வந்துச்சா என்று அதட்டிக் கேட்பவர்கள்.

நான் சென்னையில் இரண்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் வெளிநாட்டில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். நான் இருப்பது அவருடைய அண்ணன் வீட்டு மாடி. இன்டர்நெட் இணைப்பும் அண்ணன் பேரில்தான். படியிறங்கினால் அவர்கள் வீட்டுக் கூடம். அதைத் தாண்டாமல் தெருவுக்குப் போக முடியாது. எனக்கு அந்த மாடியில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெயில்களைத் தேடித் தேடி அனுப்பிச் சலித்துப்போய் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது என் மெயில் பெட்டியைத் திறந்து பார்க்கும். இணைப்போடு வருகிற மெயில் வெளியிலிருந்து பார்க்கத்தான் ஒன்று. உள்ளே டிபன் கேரியர் மாதிரி அடுக்கு. ஒரு தட்டில் எழுத்து, அடுத்த தட்டில் அதே எழுத்து அலங்காரத்தோடு, அதற்கும் கீழே பிடிஎஃப். சில சமயம் ஒரு மெயிலுக்குள் இன்னொரு முழு மெயிலே இருக்கும். நிரல் ஒவ்வொரு தட்டாகக் கழற்றி, கோப்புகளை எடுத்து, பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து எந்த வீடு என்று கண்டுபிடித்து, அந்த வீட்டு போனுக்கு அனுப்பிவிடும். பிறந்த தேதி எதற்கென்றால், எங்கள் தெருவில் ஒரே புனிதர் பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

சில அலுவலகங்கள் ஒரே கடிதத்தை மூன்று முறை அனுப்பிக் கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தன. அதற்காக ஒப்புகை அனுப்பும் வரிகளையும் சேர்த்தேன். எந்த மெயில் வந்தாலும் முதல் வேலையாக, தங்கள் மெயிலும் இணைப்பும் கிடைத்தன என்று தேதி, நேரம், கோப்பின் பெயரோடு பதில் போய்விடும். இதையெல்லாம் எழுதி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி யாரும் என்னைத் தேடி வர மாட்டார்கள் என்று நினைத்தேன். வேலை சுளுவாக நடப்பதைப் பார்த்ததும் பக்கத்துத் தெருக்காரர்களும் என் ஐடியை எழுத ஆரம்பித்தார்கள்.

கணவரின் அண்ணனுக்கு ஒரே மகள், நர்சிங் முடித்தவள். பன்னிரண்டாவது படிக்கும்போது போட்ட விண்ணப்பத்திலிருந்து நர்சிங் பதிவு வரைக்கும் அவளுடைய எல்லாத் தாள்களிலும் என் ஐடி ஏறியிருந்தது. கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தவள், தேர்வானால் பணி ஆணை மெயிலில் வரும் என்றாள். ஒரு வருடமாவது வேலை பார்த்த பிறகுதான் கல்யாணம் என்பது அவள் எண்ணம். அவள் அப்பாவோ பாம்பனில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அது தொடங்குவதற்கு முன்னால் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஒரு நாள் காலையில், மீன் ஏலம் முடிந்து வந்தவர், மாடிப்படியில் பாதி ஏறி நின்று என்னைக் கூப்பிட்டார். அதற்கு மேல் ஏறமாட்டார். தம்பி ஊரில் இல்லாத வீடு என்று ஒரு மரியாதை.

"அந்த ஆஸ்பத்திரி மெயிலு வந்தா அவளுக்குப் போகாம நிப்பாட்டி வையி தாயி. கல்யாணம் முடியட்டும். பொறகு வேலைக்குப் போறதும் போகாததும் அவ புருசன் பாடு."

அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்வதுபோலச் சொன்னார். முடியாது என்று நான் சொல்லியிருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. தினமும் அந்தக் கூடத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கே நான் பயந்தேன். சரி அத்தான் என்றேன்.

ஆஸ்பத்திரி முகவரியிலிருந்து வந்தால் போனுக்கு அனுப்பாதே, தனி ஃபோல்டருக்கு நகர்த்து. இரண்டே வரி. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஏழு நாட்களுக்குள் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, இணைப்பாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அன்று சாயங்காலமே அவள் மாடிக்கு வந்து, மெயில் வந்ததா சித்தி என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் சொன்னேன். பிறகு அவள் காலடி படியில் கேட்டாலே மடிக்கணினியை மூடிவிடுவேன். கடிதம் அதன் ஃபோல்டரில் கிடந்தது, நான் என் மாடியில் கிடந்தேன். நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று ஏழு நாளும் நினைத்தேன்.

எட்டாம் நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்டர்வியூல சர்க்கர எறங்கிப்போன நோயாளிக்கு மொதல்ல என்ன செய்வேன்னு கேட்டாக சித்தி. டாக்டரக் கூப்பிடுவேன்னு சொல்லிட்டேன். மொதல்ல சர்க்கரத் தண்ணி குடுக்கணும். அதுலதான் போயிருச்சு."

எட்டு நாளாகத் தன்னிடம் குற்றம் தேடியிருக்கிறாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட எளிதான வழி ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வினை. ஒரு மெயிலின் மேலே இருக்கிற அனுப்புநர் பெயரும் தேதியும் யாரோ எழுதி வைக்கிற வரிகள்தான். நானும் எழுதலாம். அவள் கீழே போனதும் புதிதாக ஒரு மெயிலை உருவாக்கினேன். அனுப்புநர் இடத்தில் ஆஸ்பத்திரி, தேதி இடத்தில் அன்றைய தேதி, இணைப்பாக அதே பிடிஎஃப். அதை நிரல் மூலமாகவே என் பெட்டிக்குள் வைத்தேன். மறைக்கச் சொன்ன இரண்டு வரிகளை அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கடிதத்தைப் படித்தவள், உள்ளே எட்டு நாளுக்கு முந்தைய தேதி இருப்பதைக் காட்டினாள். பிடிஎஃப்பின் உள்ளே இருந்த தேதியை நான் தொடவில்லை. அவர்கள் அனுப்பத் தாமதமாகியிருக்கும் என்றேன். நம்பினாள். இன்றைக்குத்தான் மெயில் கிடைத்தது என்று பதிலில் எழுதச் சொன்னாள், நம் மேல் தப்பில்லை அல்லவா என்றாள். அவள் கையெழுத்துப் போட்ட தாளை இணைத்து, அவள் பெயரில் அந்தப் பொய்யை நானே தட்டச்சு செய்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. நிரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்து அதை அவள் போனுக்கு அனுப்பியது. நான் பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். கடிதம் அனுப்பிய அன்றே கிடைத்துவிட்டதாக நீங்களே அனுப்பிய ஒப்புகையை இத்துடன் இணைத்துள்ளோம், பணியிடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டுவிட்டது என்று எழுதியிருந்தார்கள். இணைப்பில் என் ஐடியிலிருந்து போன மெயில் முழுசாக இருந்தது. தேதி, நேரம், கோப்பின் பெயர். மறைக்கும் வரிகளை நான் ஒப்புகை வரிகளுக்குக் கீழே எழுதியிருந்தேன். கடிதத்தை ஒளித்து வைப்பதற்கு முன்பே, கிடைத்தது என்று என் நிரல் பதில் போட்டிருக்கிறது.

போனை என் முன்னால் வைத்துவிட்டு, யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டாள். உங்கள் அய்யா என்றேன்.

"அவுக கேப்பாக. நீங்க ஏன் சித்தி சரின்னு சொன்னீக?"

கூடத்தைத் தாண்டிப் போகப் பயந்தேன் என்றா சொல்வது?

அவள் இறங்கிப் போன பிறகு ஆஸ்பத்திரிக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் தொழில்நுட்பக் கோளாறு என்றுதான் எழுதினேன். என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அழித்துவிட்டு, கடிதத்தை மறைத்தது நான், தேதியை மாற்றியதும் நான், இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று எழுதி, அழித்திருந்த அந்த இரண்டு வரிகளையும் திரும்ப எழுதி இணைத்து என் பெயர் போட்டு அனுப்பினேன். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து, அப்போது விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் கழித்து அவள் பாம்பனில் இருப்பாள்.

அதைப் படித்த பிறகு அவள் தன் போனில் தனக்கென்று ஒரு மெயில் ஐடி உண்டாக்கிக்கொண்டாள். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அவள் அப்பாவிடமும் சண்டை போடவில்லை. எதையும் சொல்லவும் இல்லை. வேலை கிடைக்கவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. நான் அவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். படியில் காலடி கேட்டது. அவள் ஒரு தாம்பாளத்தில் பெரிய விளமீன் ஒன்றை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். செதிள் உரித்துக் கழுவியிருந்தது.

"அய்யா குடுத்துவிட்டாக. உங்களுக்குன்னு பெருசாப் பாத்து எடுத்தாகளாம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.