பூத்த மாத்திரை

சாமித்துரை எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பருப்புப் பொறுக்குவது அவர் வேலை. பூசணம் பிடித்து வெள்ளை பூத்த பருப்பு கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுவார். கல்யாணப் பந்தியில்கூட முந்திரியைத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் போடுவார்.

"எங்கக்காவையும் இப்படித்தான் திருப்பிப் பாத்தீயளா அத்தான்?" என்பான் மைத்துனன் முத்துசெல்வம்.

"அங்கனதாம்ல ஏமாந்துட்டேன்."

வலிப்பு வந்தபின் தினமும் மாத்திரை என்று ஆனது. அதன்பிறகு வலிப்பு எட்டிப்பார்க்கவில்லை. இந்த ஆடியில் வாசலிலேயே விழுந்தார். எழவில்லை.

மகள் சுடலைச்செல்விக்கும் அதே குணம். ஒழுங்காக மாத்திரை போட்டவருக்கு எப்படி வலிப்பு வரும்? மாத்திரை போலி. மருந்துக்கடைக்காரனை விடக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மிச்சமிருந்த அட்டையோடு சென்னைக்கு ரயிலேறினாள்.

அங்கே ஒரு ஆய்வகத்தில் மருந்துகளைச் சோதிப்பதுதான் அவள் வேலையே. கண்ணாடிச் சில்லில் மயிரிழைக் கால்வாய்கள். அவற்றில் ஓடும் எண்ணெய்க்குள் மருந்துக் கரைசல் துளித்துளியாகப் பிரியும். குளிரவைத்தால் ஒவ்வொரு துளியிலும் படிகம் எழும். வேறு மருந்தென்றால் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரையைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி ஒரு சில்லில் விட்டாள். சுத்தமான மருந்தை இன்னொன்றில்.

"பூத்திருச்சு செல்வி," என்றான் உடன் வேலைபார்க்கும் மணிகண்டபிரபு. படிகம் எழுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டிலும் ஒரே மாதிரி ஊசிகள். அவள் நம்பவில்லை. எண்ணெயை மாற்றினாள். அதே ஊசிகள். எக்ஸ்ரே கருவியிலும் வைத்துப் பார்த்தாள். அசல் மருந்துதான். அளவும் குறையவில்லை.

ஊருக்கு வந்தாள்.

"அம்மா, அப்பா தெனமும் மாத்திரை போட்டாவளா?"

சொர்ணத்தாய் ஒரு டப்பாவை எடுத்துவந்து திறந்தாள். உள்ளே மாத்திரைகள்.

"புது அட்டையப் பிரிச்சதும் வெரல்ல வெள்ளையா ஒட்டுச்சுட்டி. பூத்துப்போச்சுன்னு ஒவ்வொண்ணா ஒதுக்கிட்டாவ. நீ வந்தா காட்டணும்னாவ. நானுந்தான் மோந்து பாத்தேன். போடாதீயன்னுட்டேன்." குரல் இறங்கியது. "பூத்ததுதானட்டி?"

செல்வி ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தாள். வெறும் மாத்திரைத் தூள். ஊதியதும் போய்விட்டது.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. நானே பாத்தேன். பூத்துத்தான் இருந்துச்சு."

"அவிய கண்ணு தப்பாதுட்டி." சொர்ணத்தாய் மூக்கைச் சிந்தினாள். "அப்ப அந்தக் கடைக்காரன?"

செல்வி டப்பாவை மூடினாள்.

"விட்டுரும்மா."