இரண்டு உடுப்பு, ஒரு பொதி கருவாடு

கொழும்புக்குப் போகிறவர்கள் என்னென்ன கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இப்போது என்னிடம் கேட்டால் நீளமாகச் சொல்வேன். பருத்தி உடுப்பு, ஆளுக்கு நான்கு சோடி. தலைக்குப் போட மெல்லிய சால் மூன்று. துவாய் இரண்டு, ஏனென்றால் ஒன்று காயவே காயாது. கழுத்துக்குப் பூச ஒரு பவுடர் டின். எல்லாவற்றுக்கும் மேலாக, மணக்கிற சாமானும் உடுப்பும் ஒரே பையில் போகக் கூடாது. எல்லாம் தெரிந்தவள் போலப் பேசுகிறேனே தவிர, மூன்று வருடத்துக்கு முன்னால் இதே வாய் வேறு கதை சொன்னது.

ஆளுக்கு இரண்டு உடுப்புப் போதும் என்றுதான் அப்போது சொன்னேன். ஒன்று உடம்பில், ஒன்று பையில். கழற்றியதைக் கழுவிக் கொடியில் போட்டால் காய்ந்துவிடும், அதையே திரும்ப உடுத்தலாம். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்து எனக்குள் ஓர் ஏளனச் சிரிப்பும் இருந்தது.

கற்பிட்டிக் கரையோரத்தில், எங்கள் ஊர் கண்டக்குழியில் இருந்துகொண்டு அப்படி நினைப்பது பிழையில்லை. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் வாடி இருக்கிறது. மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பிக் கருவாடாக்குகிற இடம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கொடியில் போட்ட துணிக்குக் கவ்வி மாட்டாவிட்டால் அது அடுத்த வீட்டு வேலியில் கிடக்கும். ஒரு துணி காயாமல் போகும் என்பது எனக்குக் கற்பனையிலும் வராத விஷயம். காயவைப்பதுதானே எங்கள் பிழைப்பு.

அந்தக் காற்றை நான் நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறில், சண்டைக் காலத்தில், முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொல்லி இயக்கம் விரட்டியபோது எனக்கு ஒன்பது வயது. உடுத்திருந்த உடுப்போடு படகேறினோம். வழியெல்லாம் அலை அடித்து, கற்பிட்டிக் கரையில் இறங்கும்போது தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தேன். மாற்ற ஒன்றும் இல்லை. எங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடம்வரை நடந்து போவதற்குள் சட்டை என் உடம்பிலேயே காய்ந்துவிட்டது. உடுப்பு அதிகம் வேண்டியதில்லை என்று அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன் போலிருக்கிறது. அந்தத் தீர்மானத்தை என் பிள்ளையின் தலையில் கட்டியதுதான் என் பிழை.

என் மகளுக்குக் கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்திருந்தது. காலை எட்டரைக்குக் கொழும்பில் நிற்க வேண்டும். அவளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. இதுவும் தவறினால் வீட்டில் இருக்க வேண்டியதுதான், வீட்டில் இருந்தால் அடுத்த பேச்சு கலியாணம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்காக வெளிர் நீலப் பருத்தித் துணியில் ஒரு சல்வார் தைப்பித்தோம்.

முதல் நாளே போய், மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் என் கணவரின் தங்கச்சி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மகள் நான்கு உடுப்பு எடுத்துவைத்தாள். நான் இரண்டைத் திருப்பி அலுமாரியில் வைத்தேன். புதுச் சல்வாரை அவள் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை முடிந்து வைத்திருந்தாள். கொழும்பு வெக்கைக்குப் பொலித்தீனுக்குள் துணி புழுங்கும் என்று நான் அதை அவிழ்த்து வெளியில் எடுத்தேன். உம்மா, அது அப்படியே இருக்கட்டும் என்று அவள் ஒருமுறை சொன்னாள். நான் விளக்கம் சொன்னேன்.

வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக முடியுமா? நல்ல கட்டாக் கருவாடு இரண்டு கிலோ எடுத்து, பேப்பரில் மூன்று சுற்றுச் சுற்றி, அதே பையின் அடியில் வைத்தேன். சல்வாரை மடித்து அதன் மேல் வைத்தேன். இருபது வருடமாக வாடியில் நிற்கிறவள் நான். என் மூக்குக்குக் கருவாடு மணக்கவே மணக்காது. மற்றவர்களுக்கு மணக்கும் என்று தெரியும், ஆனால் ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருப்பது போல மட்டும்தான்.

சிலாபம்வரை பஸ், அங்கிருந்து ரயில். சனம் நெருக்கியடித்தது. ஜன்னல் ஓரத்தில் நின்ற அம்மா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெக்கைக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். மகள் பையைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு, கொழும்பு வரும்வரை அப்படியே நின்றாள்.

மூன்றாம் மாடி ஏறுவதற்குள் என் உடுப்பு முதுகில் ஒட்டிவிட்டது. எங்கள் ஊரிலும் வெயில் கொளுத்தும்தான், ஆனால் வேர்வையைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். இங்கே வேர்வை வந்த இடத்திலேயே நின்றது. மழை பெய்து விட்டிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

மகள் பையைத் திறந்து சல்வாரை எடுத்தாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு அதை மாமியிடம் நீட்டினாள். என் மதினி நல்ல மனுஷி, குறை சொல்கிறவர் இல்லை. ஆனால் அவர் முகம் சொல்லிவிட்டது. நானும் வாங்கி மணந்து பார்த்தேன். எனக்குப் புதுத் துணி மணம்தான் வந்தது. கழுவினால் போகிறது, காயாமலா போகும் என்று சவர்க்காரம் கேட்டேன்.

இரண்டு தரம் கழுவினேன். கொடி கட்ட வெளியில் இடமில்லை, ஜன்னலுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, ஃபேனைத் திருப்பிவிட்டு மாட்டினேன். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பார்த்தேன், சொட்டவில்லை, அவ்வளவுதான். இஷாவுக்குப் பார்த்தேன், போட்டது போட்டபடி இருந்தது. விடியமுன் சுபஹுக்கு எழும்பி முதல் வேலையாகத் தொட்டேன். தோள் காய்ந்திருந்தது. முதுகும் இடுப்பும் தையல் விளிம்பெல்லாமும் ஈரம். அந்த ஈரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். கண்டக்குழியில் நடக்காத ஒன்று உலகத்தில் வேறெங்கும் நடக்காது என்று எந்த நம்பிக்கையில் இருந்தேன்?

மதினி அயன் பண்ணினால் சரிவரும் என்றார். அயன் பட்டதும் ஆவி எழும்பியது. ஆவியோடு கருவாடும் எழும்பியது. எனக்குத் தெரியவில்லை, மகளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். முதல் நாள் உடுத்தி வந்தது வேர்வையில் ஊறிக் கசங்கிக் கிடந்தது. மதினியின் உடுப்பைப் போட்டுப் பார்த்தாள், அதற்குள் இரண்டு பேர் நிற்கலாம். கடை திறக்கப் பத்து மணியாகும். கடைசியில் அந்த ஈரச் சல்வாரையே உடுத்தினாள்.

பரீட்சை நடக்கும் கட்டடத்து வாசலில் பார்த்தேன், முதுகில் ஈரம் ஒரு கையளவு கறுத்துத் தெரிந்தது. நான் தோளில் போட்டிருந்த என் பழைய சாலை எடுத்து, இதால் மூடிக்கொண்டு போ மகள் என்று நீட்டினேன்.

“வேணாம் உம்மா,” என்றாள். “அது இன்னும் மணக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் சாலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வெளியே வாங்கில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி மற்றப் பிள்ளைகளின் உம்மாமாரும் அம்மாமாரும் இருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு என் உடம்பைப் பற்றி வெட்கம் வந்தது. என் பிழைப்பைப் பற்றி இல்லை. என்னிடமிருந்து என்ன மணம் வருகிறது என்று எனக்கே தெரியாமல் இத்தனை வருடம் ஆட்களுக்கு நடுவில் இருந்திருக்கிறேனே என்ற வெட்கம்.

திரும்பும் ரயிலில் நீர்கொழும்பு தாண்டிய பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். உள்ளே மூன்று பேராம். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியதாம். நடுவில் இருந்த அம்மா லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்ததை இவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் கேட்க முதல் இவளே சொல்லிவிட்டாளாம், எங்கட வாப்பா கருவாடு போடுறவர், உடுப்பில மணம் ஈக்கும், மன்னிச்சிக்கோங்க என்று. அந்த அம்மா லேஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் இருக்கிறார்கள் என்று நினைத்து, மீன் எப்படிக் கருவாடாகிறது என்று படிப்பித்துக் காட்டு என்றாராம். இவள் உப்பைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பத்து நிமிடம் படிப்பித்திருக்கிறாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பொலித்தீன் பை என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. எதற்காக அதில் போட்டு முடிந்தாய் என்று கேட்டேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை தன் கதிரையை இவளிடமிருந்து இழுத்துத் தள்ளிப் போட்டதாம். அன்றையிலிருந்து பள்ளிக்கூட வெள்ளை உடுப்பைப் பொலித்தீனில் போட்டு முடிந்துதான் அலுமாரியில் வைத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை துப்புரவானவள் என்று ஆட்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

“ஏன் மகள் எனக்கிட்டச் செல்லல்ல?”

“உங்களுக்கு மணக்காதே உம்மா. செல்லி என்ன செய்யிற?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிலாபம் வரும்வரை நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சல்வார் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது.

கல்லூரிக்கு எடுபட்டுவிட்டாள். சில மாதம் கழித்து விடுதிக்குப் போகப் பை கட்டினோம். கல்லூரி இருந்ததும் கொழும்பைப் போலவே புழுங்குகிற ஊர்தான். இந்த முறை நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. உடுப்புகளை வாடிப் பக்கம் காட்டாமல், பள்ளிவாசல்துறையில் இருக்கும், எனக்கு மூத்த ராத்தா வீட்டில் கழுவிக் காயவைத்து, மூடிக் கட்டிக் கொண்டுவந்தேன். ராத்தா வீட்டிலும் வள்ளம் இருக்கிறது, ஆனால் கருவாடு இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து மகளிடம் நீட்டினேன். மணந்து பார்த்து உண்மையைச் செல்லு, எனக்கு விளங்காது என்றேன். இல்ல, இல்ல என்று சொல்லிச் சொல்லி அடுக்கினாள். ஏழு சோடி போனது. கருவாடு ஒரு துண்டும் நான் வைக்கவில்லை. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

பை நிறைந்த பிறகு, கொடியில் கிடந்த என் பழைய சாலை அவள் உருவி எடுத்தாள். அன்றைக்கு வேண்டாம் என்ற அதே சால். மணந்து பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

“மணக்குதா?”

“ஓம்.”

அதை மடித்து, ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து, வாயை இறுக்கி முடிந்தாள். நல்லாக் கட்டு மகள், மற்றப் பிள்ளைகளின் உடுப்பில் ஏறிவிடும் என்று நான் சொன்னேன்.

“அதுக்கில்ல உம்மா,” என்றாள், இன்னொரு முடிச்சுப் போட்டபடி. “தொறந்து வெச்சா மணம் போயிடும்.”