விலாவோரம் ஒரு விரல்

சாப்பிட்டு எழுந்ததும் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொள்வது தையல்காரியின் பல வருடப் பழக்கம். பித்தப்பைக் கோளாறாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கூட்டிப்போகக் கிளம்பிய கணவனை அவன் அக்கா தடுத்துவிட்டாள்.

“வெறும் வாயுடா! பாத்திரம் கழுவுற நேரம் பார்த்துத்தான் இவளுக்கு வலி வரும்.”

அதற்குப் பிறகு தையல்காரி நாத்தனாருக்குத் தைத்த சட்டை ஒவ்வொன்றையும் விலாவோரம் ஒரு விரல் உள்ளே பிடித்துத் தைத்தாள்.

“ஏண்டி, சாப்பிட்டா இங்கே இறுக்கிப் பிடிக்குதே?”

“வாயுவா இருக்கும் அண்ணி. சட்டை உங்க அளவுதான்.”

நாத்தனார் இப்போதெல்லாம் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுகிறாள். தையல்காரிக்கு வலி அப்படியே இருக்கிறது. ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.