கடைசி முப்பது பக்கம்

எங்கள் வீட்டில் சிபாரிசு என்ற சொல்லுக்கு ஒரே உபயோகம்தான். யாருக்காவது வேலை மாற்றல் வேண்டும், ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டும், காலேஜில் இடம் வேண்டும் என்றால் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு யாராவது பெரிய மனிதரைப் பார்க்கப் போவார். அதனால், எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நாளைக்கு ஒரு கதைப் புத்தகத்தைச் சிபாரிசு செய்யப் போகிறேன் என்றதும், அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் சிபாரிசு எங்கனட்டி எடுபடும்?" என்றார்.

எடுபட்டதுதான் கஷ்டமாகப் போயிற்று.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கு அந்த வருடம் புதிதாக வந்த இங்கிலீஷ் டீச்சர், வகுப்பின் மூலையில் ஒரு மர பீரோவைக் கொண்டுவந்து வைத்து, அதில் ஒல்லி ஒல்லியாக நாற்பது ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அடுக்கியிருந்தார். இங்கிலீஷோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காகவே எளிய வார்த்தைகளில் எழுதிய கதைகள். நாலு பக்கத்துக்கு ஒரு படம், கடைசியில் கடினமான சொற்களுக்கு அர்த்தம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி பீரியடில் ஐந்து பேர் எழுந்து, தான் வாசித்த கதையை இங்கிலீஷிலேயே சிபாரிசு செய்ய வேண்டும். நல்ல கதை என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது. வகுப்பில் ஒருத்தியின் பெயரைச் சொல்லி, இந்தக் கதை இவளுக்கு, இன்ன காரணத்தால், என்று சொல்ல வேண்டும். கதையின் முடிவை மட்டும் சொல்லக் கூடாது. பெயர் சொல்லப்பட்டவள் புத்தகத்தை வாங்கிப் போய் வாசித்தே ஆக வேண்டும்.

பெயரைச் சொல்லலாம் என்று ஆனபிறகு நாங்கள் சும்மா இருப்போமா? ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒருத்தி, தன் சோப்பை எடுத்துத் தேய்த்துக் கரைத்த பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒரு திருடன் கதையைச் சிபாரிசு செய்தாள். அடுத்த வாரம் அவள் பதிலுக்கு ஒரு கஞ்சன் கதையை இவளுக்குச் சிபாரிசு செய்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஆளுக்கு நாலு புத்தகம் முடித்துவிட்டார்கள். டீச்சருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

நான் பெயர் சொல்லத் தீர்மானித்தது என் தங்கையை. கூடப் பிறந்தவள் இல்லை, சித்தியின் மகள். என்னைவிட ஐந்து மாதம் இளையவள், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சித்தப்பா வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபிறகு சித்தி சாத்தான்குளத்து வீட்டைப் பூட்டிவிட்டு, மகள் படிப்புக்காக எங்களோடு வந்து தங்கிவிட்டாள். வாசல் அறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். சித்தப்பா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலில் வாராவாரம் வந்த போன் பிறகு மாதம் ஒன்றாயிற்று, அதற்குப் பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்மசுக்கும் மட்டும் வந்தது. ஒவ்வொரு வருடமும் சித்தி, அடுத்த கிறிஸ்மசுக்கு அப்பா வந்துவிடுவார் என்று தங்கையிடம் சொல்லுவாள். தங்கை தலையாட்டுவாள்.

சித்தப்பாவுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்பது அப்பா, அம்மா, சித்தி மூன்று பேருக்கும் அப்போதே தெரியும். பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று அறை உள்ள வீட்டில் அது எப்படி முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று நம்பினார்கள். என்னைப் பொறுத்தவரை அவர்கள் நம்பியது சரிதான்.

நான் எடுத்த புத்தகம் அறுபத்துநாலு பக்கம். பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில் ஒரு அப்பா, அம்மா, மகள். அப்பா பிழைப்புத் தேடிக் கப்பலேறிப் போகிறார். அம்மா ரொட்டி சுட்டு விற்கிறாள். மகள் அப்பாவின் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி இருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் முப்பத்துநாலாவது பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கடினமான வார்த்தைகள் கூடிக்கொண்டே போயின. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. எப்படியும் முடிவைச் சொல்லக் கூடாது என்பதால் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன என்று நினைத்தேன்.

எழுந்து நின்று மனப்பாடமாகச் சொன்னேன். இந்தக் கதையை என் தங்கைக்குச் சிபாரிசு செய்கிறேன், ஏனென்றால் அவளுடைய அப்பாவும் தூர தேசத்துக்குப் போயிருக்கிறார், அவரும் சீக்கிரம் வரப்போகிறார். நான் நல்லதைத்தான் நினைத்தேன். சித்தப்பா எனக்கு ஒரு பேனாகூட அனுப்பியிருக்கிறார். வகுப்பு முழுவதும் திரும்பித் தங்கையைப் பார்த்தது. அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். டீச்சர் என் உச்சரிப்பைப் பாராட்டினார்.

தங்கை அதை மூன்று வாரம் வைத்து வாசித்தாள். ஜங்ஷன் பிளாட்பாரக் கடையில் வாங்கிய பழைய அகராதி ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. அந்த மூன்று வாரமும் அது அவள் பக்கமே கிடந்தது. முடிவு என்ன என்று கேட்டேன். சொல்லக் கூடாதுல்லா என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பரில் அரைப் பரீட்சை முடிந்து லீவு விடும்போது டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வாசித்ததில் ஒரு கதையை அவருக்குத் தமிழில் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். அவர்கள் புத்தகத்தை வாசித்துக்கொள்ள முடியாது, அதனால் இந்த முறை முடிவையும் சொல்லிவிடலாம் என்றார். நான் அம்மாவைப் பிடித்து ஒரு நரிக் கதையை மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டு, கையெழுத்தையும் போட்டுத் தந்தாள். தங்கை நாலு நாள் காத்திருந்தாள்.

கிறிஸ்மசுக்கு முந்தின நாள் அடுப்படியில் அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே விடாத மழை. சித்தி அச்சை மாவில் முக்கி எண்ணெயில் இறக்குவாள், அம்மா வெந்ததை எடுத்துக் கொட்டுவாள், உடைந்ததெல்லாம் எனக்கு. தங்கை தாளும் பேனாவுமாக வந்து சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இஸ்கூல் வேலை. நான் ஒரு கதை சொல்லுதேன். முழுசும் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும்."

"எண்ணெய் காயுதுல்லா. பைய சொல்லு, கேக்கேன்" என்றாள் சித்தி.

தங்கை சொன்னாள். நான் வாசித்த வரைக்கும் கதை சரியாகத்தான் வந்தது. பிறகு கடிதங்கள் நின்றுபோயின. அந்தப் பெண் ரொட்டிக்கு மாவு எடுக்கப் போகிறாள், மாவுப் பானைக்குள் ஒரு கடிதம் கிடைக்கிறது. அவளுடைய அப்பாவுக்குப் போன ஊரில் வேறு வீடு இருக்கிறது, ஒரு சின்னப் பையனும் இருக்கிறான். அம்மாவுக்கு அது எப்போதோ தெரியும். மகள் அழுவாளே என்று ஒளித்து வைத்திருக்கிறாள். தங்கை இதையெல்லாம் சித்தியின் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே சொன்னாள்.

"கடைசில அந்தப் பிள்ளை அம்மாட்ட சொல்லுதா. அப்பா வருவாரு, வருவாருன்னு நீ இனிமே என்கிட்ட சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். ரொட்டி வித்து நாம ரெண்டு பேரும் இருந்துக்கிடலாம். இவ்வளவுதாம்மா கதை. இங்கன கையெழுத்துப் போடு."

எண்ணெயில் கிடந்த முறுக்கு கறுத்துப் புகைந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. பிறகு அம்மாதான் சட்டென்று திரும்பி, என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"ஏட்டி, இந்தப் புத்தகத்தை இவ கையில குடுத்தது நீதானே? வேற கதையே கிடைக்கலையா உனக்கு?"

சித்தி கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தாளில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது.

கிறிஸ்மஸ் அன்று கோயிலுக்குப் போய் வந்தபிறகும் அம்மா விடாமல் சித்தியைத் தேற்றிக்கொண்டிருந்தாள். எவனோ வெள்ளைக்காரன் எழுதின கதை, சின்னப் பிள்ளை வாசித்ததை ஒப்பித்திருக்கிறது, அதைப் போய் மனதில் போட்டுக்கொள்வதா என்று. சித்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதைதானக்கா, கதைதானே என்று இரண்டு மூன்று தடவை அவளாகவே சொல்லிக்கொண்டாள். மத்தியானம் தங்கைக்குச் சோறு வைக்கும்போது, அடுத்த கிறிஸ்மசுக்கு அப்பா கண்டிப்பாக வந்துவிடுவார் என்று வழக்கம்போலச் சொன்னாள். தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவள் தலையாட்டவில்லை.

எனக்கோ குட்டு வாங்கிய வலி ஆறவில்லை. வலியைவிட அவமானம் பெரிது. சிபாரிசு செய்தவள் நான். சித்தி மனம் நோகிற புத்தகத்தைக் கொண்டுவந்தவள் என்று வீடே என்னைப் பார்த்தது. அப்படி என்னதான் அதில் எழுதியிருக்கிறது என்று, தங்கையின் பைக்குள் கிடந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அகராதியோடு மச்சுப்படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. நான் முழுதாக வாசித்து முடித்த முதல் இங்கிலீஷ் புத்தகம் அதுதான்.

புது வருடத்தன்று ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் கடைசிப் பக்கத்தைக் காலையில்தான் முடித்திருந்தேன். அதற்குமேல் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அந்தக் கதையில அப்பா வந்துருதாரு!" என்று கத்தினேன். "தாடியெல்லாம் வளர்த்துக்கிட்டுப் பனியில நடந்து வாராரு. மாவுப் பானையும் இல்ல, கடுதாசியும் இல்ல, வேற வீடும் இல்ல. இவ தப்புத் தப்பா வாசிச்சிருக்கா!"

யாரும் நம்பாமல் போய்விடக் கூடாதே என்று, எச்சில் கையோடு புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் படத்தையும் காட்டினேன். தாடி வைத்த ஒரு ஆள், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண், கதவில் சாய்ந்து சிரிக்கிற அம்மா. அதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான்தான் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்தவள், சித்தியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சித்தி பிசைந்த சோற்றை அப்படியே விட்டிருந்தாள். புத்தகத்தை என்னிடம் வாங்கி, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தங்கையிடம் கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு நீ சொன்னது?"

தங்கை என்னை ஒரு தடவை பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாமல் மாட்டிக்கொண்டோமே என்ற பார்வை அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"எத்தனை நாளாட்டி உனக்குத் தெரியும்?" என்றாள் சித்தி.

"ரெண்டு வருசமாத் தெரியும்மா" என்றாள் தங்கை.

சித்தி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து தையல் மிஷின் கிடந்த அறைக்குள் போனாள். தங்கையும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா தன் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை எனக்குக் குட்டு விழவில்லை. பாராட்டும் கிடைக்கவில்லை. முப்பது பக்கத்தைத் தனியாக வாசித்துப் புத்தகத்தின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல ஆள் இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ரெண்டு வருசமாகத் தெரியும் என்று அவள் எதைச் சொன்னாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. புத்தகமே அந்த வருடம்தானே வந்தது என்று மட்டும் தோன்றியது.

கையைக் கழுவிவிட்டு அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே சித்தி அழுகிற சத்தம் கேட்டது. அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. தங்கை அழவில்லை. அவள்தான், போதும்மா, போதும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுக்கு இங்கிலீஷ் இவ்வளவு மோசமாக இருக்கிறதே என்றுதான் சித்தி அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் மூத்தவள் நான். கதவைத் தட்டினேன்.

"சித்தி, அழாதீங்க" என்றேன். "இவளுக்கு நான் தினம் பத்து வார்த்தை சொல்லித் தாரேன்."