ஏழுமலை அண்ணன் அடித்த ஒரே டொக்கு

செவ்வாய்க்கிழமை காலை, பாதி முகம் மழித்து மீதியில் சோப்பு நுரையோடு நான் நின்றபோது தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். "மச்சான், டிங்கர் ஏழுமலை அண்ணன் தவறிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாரு." நுரையைத் துடைத்துக்கொண்டு செங்கம் ரோட்டுப் பட்டறைக்கு ஓடினேன். வாசலில் பாதி வேலை முடிந்த கார்கள் நான்கு நின்றன. ஐந்தாவதாக நானும் நின்றேன்.

அவரிடம் வண்டியை விட்டு, "நாளைக்கு வாங்க" என்ற பதிலை மாதக்கணக்கில் வாங்கிச் சென்ற ஊர்ப் பெருமக்களே! உங்களுக்கு அவர் நசுங்கிய தகரத்தில் டொக்கு எடுப்பவர். நாற்பது ஆண்டுகளில் அவர் நிமிர்த்திய தகரத்தை விரித்தால் அண்ணாமலையை முழுதாக மூடி, மிச்சத்தில் பக்கத்து வேங்கிக்காலுக்கு ஒரு பந்தலும் போடலாம். ஆனால் அந்த மனிதர் ஒரே ஒருமுறை ஒரு வண்டிக்கு டொக்கு வைத்ததும் உண்டு. வைக்கச் சொன்ன பாவி நான்தான்.

உலக சினிமாவைத் தலைகீழாகப் புரட்டிப்போட நான் ஒரு படம் எடுத்தது சிலருக்கு நினைவிருக்கலாம். மறக்க முயன்றவர்களை மன்னிக்கிறேன். அப்பா ஓட்டிவந்த கார் புளியமரத்தில் மோதுகிறது. அவர் இறந்துவிடுகிறார், பக்கத்தில் இருந்த மகள் பிழைக்கிறாள். அப்பாவுக்குத் தன்மேல் பாசமே கிடையாது என்று நம்பி வளர்ந்தவள், நொறுங்கிய காரின் முன் நின்று மனம் மாற வேண்டும். அதற்கு நான்கு பக்க வசனம் எழுதியிருந்தேன். அந்தக் காட்சி நிற்கவில்லையென்றால் படமே இல்லை.

கார், மேலே போன் செய்தாரே அந்த மாப்பிள்ளையுடையது. பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டியதைவிட அந்தக் காரைக் குளிப்பாட்டியதுதான் ஜாஸ்தி. ஒரு நாள் இரவல் தந்தார். மாலை ஆறு மணிக்குள் கீறலில்லாமல் வந்துவிட வேண்டும் என்றார். எதற்கு வேண்டும் என்று முழுதாகச் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

ஏழுமலை அண்ணன் அதே மாதிரிக் காரின் பழைய பானெட்டையும் மட்கார்டுகளையும் கதவுகளையும் காயலான் கடையில் தேடிப்பிடித்து வெள்ளை அடித்தார். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் மாப்பிள்ளையின் நல்ல தகரங்களைக் கழற்றி, கைக்குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றி வைத்தார். பழையவற்றை மாட்டுவதற்கு முன், கேமராவுக்குத் தெரியும் இடது பக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் நானே சம்மட்டியால் அடித்து நொறுக்கினேன். அடித்த அடியில் மலை ஓர் அங்குலம் நகர்ந்தது. அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகளாக நடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. காலை முழுதும் நான்கு பக்கத்தோடு போராடினார். இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று போனோம்.

திரும்பி வந்தால் விபத்தைக் காணோம்.

நான் நொறுக்கிய இடது பக்கம் கண்ணாடி மாதிரி நிமிர்ந்திருந்தது. ஏழுமலை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை என்று நினைத்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"அது தப்பான அடி சார்" என்றார். "மோதப்போறப்ப எவனா இருந்தாலும் தன் பக்கம் அடிபடாமத்தான் ஸ்டியரிங்க ஒடிப்பான். யோசிச்சு இல்ல, கை தானா போவும். அதான் இடது பக்கம் நொறுங்கி வர்ற வண்டிதான் ஜாஸ்தி. டிரைவர் பக்கம் மட்டும் நொறுங்கி, இந்தப் பக்கம் ஒண்ணுமே ஆவாம வந்துச்சுன்னா, நான் சுத்தியல எடுக்கறதுக்கு முன்ன கேப்பேன், பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்கன்னு."

அப்படி எத்தனை வண்டி வந்தது என்றேன். மூன்று என்றார். ஒன்றில் மனைவி. மற்ற இரண்டிலும் பிள்ளைகள்.

பிறகு வலது பக்கத்துக்கு மாட்டியிருந்த பழைய மட்கார்டையும் கதவையும் கழற்றி மரத்தில் சாய்த்தார். கிளையில் சங்கிலி போட்டு ஒரு கட்டையைத் தொங்கவிட்டு, பின்னால் இழுத்து ஒரே வீச்சில் விட்டார். சம்மட்டி பத்து தடவை அடிக்கும், மரம் ஒரே தடவைதான் அடிக்கும் என்றார். கட்டை போய் மோதிய நொடியில் கண்ணை மூடிக்கொண்டார்.

நசுங்கிய தகரத்தை மாட்டியதும் கேமராவை ஓடவிட்டு ஆசிரியையைக் கூப்பிட்டோம். அவர் டிரைவர் பக்கத்தைப் பார்த்தார். காரைச் சுற்றி நடந்து இடது பக்கம் வந்தார். கதவைத் தொட்டதும் சுலபமாகத் திறந்துகொண்டது. உள்ளே உட்கார்ந்து, பக்கத்தில் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் 'கட்' சொல்லவே மறந்துபோனேன். என் கையில் இருந்த நான்கு பக்கத்தைக் காட்டி ஏழுமலை அண்ணன் மெதுவாகச் சொன்னார். "மடிச்சு வெச்சுக்குங்க சார், டீ கிளாஸ் சுடாம புடிக்க ஆவும்."

கார் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வீடு போய்ச் சேர்ந்தது. கீறல் இல்லை. மாப்பிள்ளை தன் வீட்டுக் கேட்டிலேயே இடித்து வைத்திருந்த பழைய டொக்கும் இல்லை. இது தன் வண்டிதானா என்று அவர் இரண்டு நாள் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியிட்டோம். எண்பது நாற்காலி, அதில் முப்பது என் மாமியார் வீட்டார். அந்தக் காட்சியில் மிக்சர் தின்னும் சத்தம்கூட நின்றது. முடிந்ததும் மாப்பிள்ளை கண் கலங்கி என் கையைப் பிடித்தார். "அந்த எடத்துல பேசாம விட்டீங்களே மச்சான், அது எப்படிங்க தோணுச்சு?"

ஏழுமலை அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அதெல்லாம் தானாக வருவது என்று நான் அடக்கத்தோடு சொன்னேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கதவில் வெள்ளை கொஞ்சம் கம்மி என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

அண்ணே, இன்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சியை எழுதியது நீங்கள். என் பெயரில் கைதட்டல் வாங்கிய அந்த ஒரு நிமிடம் உங்களுடையது. உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பார்வை. ரோட்டோரம் நொறுங்கிக் கிடக்கும் வண்டியைக் கண்டால் முன்பெல்லாம் ஓட்டியவனைத்தான் திட்டுவேன். இப்போது நொறுங்காத பக்கத்துக்குச் சுற்றிப் போய், அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கிறேன்.